பெரியகடைப் புராணத்தில் விடுபட்ட அத்தியாயம்

யாழ்ப்பாணத்துப் பெரியகடையைப் பற்றி எழுதுவது இப்போது ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் எழுதுகிறார்கள், ஊரிலிருந்தும் எழுதுகிறார்கள். எல்லாவற்றிலும் கஸ்தூரியார் வீதி வருகிறது. அதன் அருகே கன்னாதிட்டிப் பொற்கொல்லரின் சுத்தியல் ஓசை கேட்கிறது. மலாயன் கபேயின் வாழையிலையும் வடையும் தவறாமல் இடம்பெறுகின்றன. வெலிங்டன், றீகல், வின்ஸர், ராஜா என்று தியேட்டர்களின் பட்டியல் நீள்கிறது. தீபாவளிக்கு முதல்நாள் ஆஸ்பத்திரி வீதியில் தோளோடு தோள் இடிபட்டு நடந்த சனத்தைப் பற்றி ஒரு பந்தி. பின்னர் 1981, அதன் பின்னர் 1995, இறுதியில் கண்ணீர்.

இக்கட்டுரைகளை நான் விரும்பிப் படிப்பவன். ஒருகாலத்தில் மனப்பாடமாக அறிந்திருந்த வீதியை வேறொருவர் நினைவிலிருந்து மீட்டுத் தரும்போது மகிழாதவர் யார்? ஆயினும் படித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் எழுகிறது. அந்தத் தெருக்களில் கடை வைத்திருந்த சோனகர்கள் எங்கே போனார்கள்? வாங்கியவர் வருகிறார், வேடிக்கை பார்த்தவர் வருகிறார், சைக்கிளில் பின்தொடர்ந்த காதலனும் வருகிறான். விற்றவரில் ஒரு பகுதியினரை மட்டும் காணோம்.

பெரியகடைக்கும் சோனகத் தெருவுக்கும் நடந்துபோகும் தூரந்தான். இரும்புக்கடைகள், லொறிச் சேவை, புடவை வியாபாரம், தையற்கடைகள், இறைச்சிக்கடைகள் ஆகிய தொழில்களில் யாழ்ப்பாண முஸ்லிம்களின் கை ஓங்கியிருந்ததை என் தலைமுறையினர் எவரும் மறுக்க முடியாது. எழுபதுகளின் கடைசியில், தை மாதம் பாடசாலை தொடங்குமுன் என் தகப்பனார் என்னை ஒரு தையற்கடைக்குக் கூட்டிச் செல்வார். "வளருற பிள்ளை மாஸ்டர், ரெண்டு அங்குலம் உள்ளுக்கு மடிச்சு விடுறன்" என்பார் தையற்காரர். "காசு மாத முடிவிலைதான் நானா" என்பார் தகப்பனார். அவர் கொப்பியில் குறித்துக்கொள்வார். இத்தகைய கொப்பிகளின் மீதுதான் பெரியகடை நின்றது. மாதச் சம்பளக்காரரும், வெங்காயமும் புகையிலையும் விற்றுக் காசு காணும் கமக்காரரும் கடனில் வாங்கினார்கள். கடன் கொடுத்தவருக்கு வாங்கியவரின் குலம் கோத்திரம் எல்லாம் தெரியும். அந்த அறிமுகமே அங்கு முதல்.

இவர்கள் நேற்று வந்த வியாபாரிகளுமல்லர். நல்லூரின் அயலில் சோனகர் குடியிருந்து பின்னர் இடம் மாறியதை 'யாழ்ப்பாண வைபவமாலை'யே கூறுகிறது. இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ். இந்துக் கல்லூரியில் படித்தவர். 1955இல் இந்நகரின் முதல்வராக எம். எம். சுல்தான் இருந்தார். சிறுபான்மையினர் ஒருவரைத் தலைமை ஆசனத்தில் அமர்த்திய மாநகரம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. பெருமை பாடும் கட்டுரைகளில்கூட இதைக் காண்பதரிது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ். நகர முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு வருமாறு ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். மாற்றுடுப்பும் சில நூறு ரூபாவும் தவிர எதையும் கொண்டுபோக அனுமதியில்லை. நகைகள் களையப்பட்டன. வசதி படைத்த வணிகர் சிலர் தடுத்து வைக்கப்பட்டுப் பணம் கோரப்பட்டது. அம்மாத இறுதிக்குள் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது புத்தளத்துக்கு. கைவிடப்பட்ட கடைகளில் இருந்த சரக்கும், வீடுகளின் கதவு, நிலை, ஓடுகளும் பின்னர் விலைபோயின. வாங்கியவர்களும் நம்மவர்களே.

சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். ஆண்டுதோறும் அத்திகதியில் அவ்விடப்பெயர்வை நினைவுகூர்ந்து எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் நாட்காட்டியின் ஒரே தாளில் இரண்டு வெளியேற்றங்கள் இருக்கின்றன. 1995இல் போனவர்களிற் பெரும் பகுதியினர் 1996 ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிவிட்டார்கள். 1990இல் போனவர்களுக்கு வாசல் ஓரளவேனும் திறந்தது 2002 போர்நிறுத்தத்தின் பின்னர்தான்.

இதைச் சொன்னால் உடனே பதில்கள் வருகின்றன. கோட்டை முற்றுகையில் பெரியகடை ஏற்கனவே தரைமட்டமாகிவிட்டது, அங்கே இழக்க என்ன இருந்தது என்பது ஒன்று. உண்மைதான், 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை நடந்த அம்முற்றுகையின்போது குண்டுவீச்சில் நகரின் மையம் சிதைந்தது. அதற்கு முன்னரே 1981 மே 31 இரவு தொடங்கிய பொலிஸாரின் எரியூட்டலில் கடைகளும், பூபாலசிங்கம் புத்தகசாலையும், ஈழநாடு அலுவலகமும், 97,000 நூல்களோடு பொது நூலகமும் போயிருந்தன. ஆனால் குண்டு விழுந்த தமிழ் வியாபாரி சாமான்களைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தியடியில் கடை போட்டார். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்ற பொருளாதாரத் தடைக் காலத்திலும் அவர் வியாபாரம் செய்தார். முஸ்லிம் வியாபாரிக்கு ஒரு திருநெல்வேலி இருக்கவில்லை. சுவர் இடிவதும் கடைக்காரரே இல்லாமற் போவதும் ஒன்றா?

கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் செய்தவற்றை மறந்துவிட்டீரா என்பது அடுத்தது. மறக்கவில்லை. 1990 ஆகஸ்டில் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றில் எதற்கு யாழ்ப்பாணத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்த தையற்காரர் பொறுப்பாளி? கொழும்புப் புறக்கோட்டையின் வரலாற்றை ஒரு சிங்கள எழுத்தாளர் எழுதி, 1983 ஜூலையில் அங்கு எரிந்த தமிழர் கடைகளைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல், பலூடாவையும் டிராம் வண்டியையும் மட்டும் நினைவுகூர்ந்தால் அவரை நாம் என்ன சொல்லி அழைப்போம்? அச்சொல்லை இங்கேயும் பயன்படுத்தத் துணிவிருக்க வேண்டும்.

மூன்றாவது பதில் சற்று நாகரிகமானது. "இப்போது ஏன் இதைக் கிளற வேண்டும், எதிரிக்கு வாய்ப்பாகிவிடும்" என்கிறார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டை ஒட்டிப் புலிகளின் தரப்பிலேயே இவ்வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. வெளியேற்றியவர்களே வருத்தம் தெரிவித்த ஒன்றை நினைவோடை எழுதுபவர் மட்டும் ஏன் மூடிவைக்க வேண்டும்? யாருக்காக?

அவர்கள்தான் திரும்பி வந்துவிட்டார்களே என்போரும் உளர். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ். மாவட்டத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 14,000 பேர். 2012இல் இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டியவர்கள். திரும்பியவர்களிற் பலர் பழைய இரும்பு சேர்ப்பதையும் சிறு துணி வியாபாரத்தையும் நம்பி வாழ்கிறார்கள். இந்நாட்டில் பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் தம் உரிமையை நாட முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு விலக்கைக் கொண்டுவந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அப்பத்தாண்டுக் கணக்கிற் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்து இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பது நிபந்தனை. உறுதியைக் கையில் வைத்திருந்தவருக்கு அக்காலத்துக்குள் இது உதவியிருக்கும். அவசரத்தில் உறுதியை விட்டுவிட்டு ஓடியவர் என்ன செய்வார்? வாடகைக் கடையில் முப்பது வருடம் இருந்தவருக்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? அவருடைய சொத்து அலுமாரியில் இருந்த துணியும் அந்தக் கடன் கொப்பியும். கொப்பியில் பெயர் இருந்தவர்கள் இன்று உலகெங்கும் சிதறியிருக்கிறார்கள். அவர்களிற் சிலர்தாம் பெரியகடையைப் பற்றி உருக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

இன்று கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளின் வெளிச்சத்தில் மின்னுகிறது. ஆஸ்பத்திரி வீதியில் மின்படி ஏறும் கட்டடங்கள் வந்துவிட்டன. தென்னிலங்கை வியாபாரிகள் வந்து நம் சந்தையைப் பிடிக்கிறார்கள் என்று ஒரு முறைப்பாடும் அடிக்கடி எழுகிறது. அதில் நியாயமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளூர் வணிகத்தைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுப்போர், அந்த உள்ளூருக்குள் சோனகத் தெருவும் அடங்குமா என்பதை முதலில் தெளிவுபடுத்தட்டும்.

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றி எழுத ஆவணங்கள் இல்லையென்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. 2018இல் மறைந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை அதற்கே செலவிட்டார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்களின் அறிக்கைகளும் உள்ளன. இல்லாதது வீதியின் படம். அடுத்த முறை பெரியகடையைப் பற்றி எழுத உட்காரும் அன்பர், 1989ஆம் ஆண்டின் கஸ்தூரியார் வீதியையும் அதை வெட்டும் தெருக்களையும் ஒரு தாளில் வரைந்து, கடை கடையாகப் பெயரிட்டுப் பார்க்கட்டும். வெறுமையாக நிற்கும் கட்டங்களோடு அத்தாளைப் புத்தளத்துக்கோ நீர்கொழும்புக்கோ கொண்டுபோகட்டும். அக்கடைகளில் இருந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.