பாழுங் கட்டிடமும் "ஆக்கிரமிப்பு"ம்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் ஒருவர் காலாற நடந்து போவாரானால், பூட்டிக் கிடக்கும் கிடங்குகளும், கூரை போன பட்டறைகளும், ஜன்னலைக் கூடப் பெயர்த்துக் கொண்டு போகப்பட்ட குடியிருப்புகளும் அவர் கண்ணில் படாமல் போகா. அதே வழியில் வாலிபர்கள் கடலோரக் கருங்கல் மீது உட்கார்ந்து பறை பழகுவதையும், கண்டெய்னர் லாரிகள் நிற்கும் சந்தில் குத்துச்சண்டை பயிலுவதையும் பார்ப்பார். இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, நடுவில் ஒரு பூட்டு மாத்திரம் தொங்குகிறது. இந்தப் பூட்டு யாருடையது, யாருக்காகத் தொங்குகிறது என்று கேட்பதே இவ்வாரம் நமது உத்தேசம்.

வீட்டிலேயே பழகிக் கொள்ளலாமே என்று சில கனவான்கள் சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவர்கள் ஹவுசிங் போர்டு வீடு ஒன்றையாவது உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். அதில் ஒருவர் இராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறார். சுவருக்கு அப்பால் கைக்குழந்தை. அங்கே தப்பட்டையை அடிக்க முடியுமா? சரி, கார்ப்பரேஷன் சமுதாய நலக்கூடம் இருக்கிறதே என்றால், அது மஞ்சள் நீராட்டுக்கும் காதுகுத்துக்கும் முன்கூட்டியே பதிவாகிவிடுகிறது. வாடகையும் கட்டவேண்டும். ஆகையால் கானாவுக்கு இந்த ஊரில் காலாகாலமாகக் கிடைத்து வந்த கூரை எது என்றால், சாவு வீட்டு வாசலில் போடுகிற பந்தல்தான். ஒருவன் செத்தால் தவிர மற்றொருவன் நிழலில் உட்கார்ந்து பாட வழியில்லாத நிலைமையை எந்த நாகரிகத்தோடு சேர்ப்பது என்று நமக்கு விளங்கவில்லை.

2018 ஜனவரி 6-ந் தேதி கீழ்ப்பாக்கத்தில் "கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்னும் இசைக் குழு முதன் முதலாக மேடையேறியபோது, அதில் பாடியவர்களில் வடசென்னைக் கானாப் பாடகர்கள் இருந்தார்கள். பட்டணம் முழுவதும் அன்று அவர்களைப் புகழ்ந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பாட்டுப் பிறந்த தெருக்களில் அதற்கென்று ஒரு கூடம் உண்டா என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

பெரம்பூர் பின்னி மில்லின் கதையை எடுத்துக் கொள்வோம். பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் சேர்ந்து எத்தனை ஆயிரம் குடும்பங்களின் இரத்தத்தில் நூல் நூற்றன என்பது நம் வாசகர்களில் வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த மில் கூலிகளால்தான். 1921-ல் மாதக்கணக்காக வேலை நிறுத்தம் செய்து துப்பாக்கிச் சூடு பட்டதும் அவர்கள்தான். 1996-ல் மில் மூடப்பட்டது. அதன் பிறகு அந்தப் பாழ்மில்லுக்குள் யார் போனார்கள்? சினிமாக்காரர்கள் போனார்கள். பணம் கட்டினவர்களுக்குக் கேட் திறந்தது. உடைந்த ஜன்னலும் துருப்பிடித்த தூணும் சண்டைக் காட்சிக்கு வெகு பொருத்தம் என்று கண்டுபிடித்துப் படம் எடுத்தார்கள். வடசென்னைக்காரன் என்றால் கையில் அரிவாள், வாயில் கெட்ட வார்த்தை என்று நாடெங்கும் காட்டிக் காசு பண்ணிய தொழிலுக்கு அந்த மில் கலைக்கூடமாக இருந்தது. அந்த மில்லில் உழைத்தவன் பேரனோ காவற்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான். இப்போது அந்த நிலத்தில் அடுக்கு மாடி வீடுகள் எழும்பிவிட்டன. அந்தச் சமயம் கை நழுவிப் போய்விட்டது. ஆனால் 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின்சார நிலையம் 2017-ல் நிறுத்தப்பட்டதைப்போல், ஒவ்வொரு தொழிற்சாலை நிற்கும்போதும் கூடவே கிடங்கும், காண்டீனும், குவார்ட்டர்ஸும் அனாதையாகிக் கொண்டே வருகின்றன. சமயங்கள் இன்னும் வரும்.

நிற்க. இப்படிப்பட்ட ஒரு பாழ்க் கிடங்கை நாலு வாலிபர்கள் பெருக்கி, சுண்ணாம்படித்து, உள்ளே பறையையும் படச் சட்டத்தையும் கொண்டு வைத்தால் என்ன நடக்கும்? "ஆக்கிரமிப்பு" என்ற வார்த்தை உடனே புறப்பட்டுவிடும். 1905-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் செய்த நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் நோட்டீசு வரும், பிறகு போலீசு வரும். ஆனால் அதே காம்பவுண்டு மூலையில் ஒருவன் ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசி வேப்பிலையைச் சொருகட்டும். மூன்றாம் மாதம் தகரக் கொட்டகை, ஆறாம் மாதம் உண்டியல், மூன்றாம் வருஷம் கும்பாபிஷேகத்திற்கு மைக்செட்டு! நோட்டீசு கொண்டு வர வேண்டிய சிப்பந்தியே பிரசாதம் வாங்கிக் கொண்டு போவார். பொதுத் தெருவிலும் பொது இடத்திலும் அனுமதியில்லாமல் எந்த மதத்தின் கோவிலும் கட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2009 செப்டம்பர் 29-ந் தேதி உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குப் பிறகு உங்கள் தெருவில் முளைத்தவை எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கல்லுக்கு இருக்கிற குடியுரிமை மனிதனுக்கு ஏன் இல்லை என்று நாம் கேட்கின்றோம்.

பிறத்தியார் சொத்தில் புகுவது திருட்டல்லவா என்று கேட்பவர்களுக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதுதான். தனி மனிதர் ஒருவர் குடியிருக்கிற வீட்டிலோ, நடத்துகிற தொழிலிலோ கை வைக்கும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. நாம் பேசுவது துறைமுகம், ரயில்வே, மின்சார வாரியம், கார்ப்பரேஷன் ஆகியவற்றின் பேரில் வருஷக் கணக்காக எலிக்கும் வௌவாலுக்கும் விடப்பட்டிருக்கிற பொதுச் சொத்தைப் பற்றியே. மகாத் நகரசபை 1924-லேயே தன் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீரோ மேல் சாதிக்காரரிடம் இருந்தது. 1927 மார்ச் 20-ந் தேதி தோழர் அம்பேத்கர் தலைமையில் ஜனங்கள் நடந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்த பிறகுதான் அந்தக் காகிதத்திற்கு அர்த்தம் வந்தது. தன் சொத்தில் தான் போய் நிற்பதற்குப் பெயர் திருட்டானால், அந்தப் பெயரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

மேல் நாடுகளில் இது புதிதல்ல. பாரிஸ் நகரத்தின் நடுவில் ரிவோலி தெருவில் 59-ம் நெம்பர் கட்டிடம் ஒரு பெரிய பாங்கியாலும் சர்க்காராலும் கைவிடப்பட்டுப் பல வருஷம் பாழாய்க் கிடந்தது. 1999 நவம்பரில் மூன்று சித்திரக்காரர்கள் உள்ளே புகுந்து, குப்பையை வாரி, நண்பர்களையும் கூட்டி, கதவைத் திறந்து வைத்து ஊராரைப் பார்க்க அழைத்தார்கள். வெளியேறும்படி கோர்ட்டு உத்தரவு வந்தது. ஆனால் பார்க்க வந்த ஜனக் கூட்டமே அவர்களுக்குச் சாட்சியாயிற்று. கடைசியில் நகரசபையே கட்டிடத்தை வாங்கிச் செப்பனிட்டு, 2009-ல் சட்டப்படி அவர்கள் கையிலேயே ஒப்படைத்தது.

ஆம்ஸ்டர்டாம் நகரத்திற்கோ நம் பட்டணத்தைப் போலவே துறைமுகமும் உண்டு, தொழிலாளிகள் வாழும் ஒரு வடக்கும் உண்டு. அங்கே வடகரையில் இருந்த பெரிய கப்பல் கட்டும் தொழிற்சாலை ஒன்று 1984-ல் திவாலாயிற்று. வெறும் கொட்டகைகளில் சித்திரக்காரரும் நாடகக்காரரும் கேளாமலே குடியேறினார்கள். பிறகு நகரசபை அவர்களோடு பேசி அதை ஒழுங்கு செய்து கொடுத்தது. ஆனால் இதில் நாம் தெரிந்து கொள்ள வேண்டிய மற்றொரு பாதியும் உண்டு. கலைஞர்கள் வந்ததால் இடத்திற்குப் பேர் வந்தது, பேர் வந்ததால் பணக்காரர் வந்தார்கள். அன்று கப்பலுக்கு இரும்பு தூக்கிய கிரேன் ஒன்றின் மேல் இன்று சீமான்கள் தங்குவதற்கு மூன்று அறை கொண்ட ஓட்டல் நடக்கிறது! இராயபுரத்திலும் நாளைக்கு இப்படி நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? சுவரில் வர்ணம் அடித்து, போட்டோ பிடிக்கத் தெற்கேயிருந்து ஆள் வந்து, கடைசியில் வாடகை ஏறி மீன்காரக் குடும்பம் வெளியேறுவதற்காக நாம் இவ்வளவு பேச வேண்டியதில்லை.

இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். பழைய பட்டறைகளில் அஸ்பெஸ்டாஸ் கூரை உண்டு, தரையில் ஊறிப்போன எண்ணெயும் இரசாயனமும் இருக்கலாம். இடியப் போகும் சுவருக்கடியில் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது வீரமாகாது. தெரிந்த ஒரு இஞ்சினீயரைக் கூப்பிட்டுக் காட்டாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. உதவாத கட்டிடமானால் விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதே.

ஆகவே அங்கங்குள்ள தோழர்கள் முதலாவது செய்ய வேண்டியது, தங்கள் வட்டாரத்தில் ஐந்து வருஷத்திற்கு மேல் சும்மா கிடக்கும் பொதுக் கட்டிடங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரிப்பதாகும். எந்த இலாகாவுடையது என்பதை ரிகார்டு பார்த்து எழுதிக் கொள்ளவேண்டும். பிறகு ஊரார் கையெழுத்தோடு மனுக் கொடுத்து, ரசீது வாங்கி, பதில் சொல்ல ஒரு தேதியும் குறித்துவிட வேண்டும். அந்தத் தேதி வரையிலும் பதில் இல்லையானால், பட்டப் பகலில், எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட்டு, விளக்குமாற்றோடு போகலாம் என்பதே நமது அபிப்பிராயம். இராத்திரியில் பூட்டை உடைக்கிற வேலை வேண்டாம். கேசு வந்தால் கோர்ட்டுக்குப் போய் மேலே கண்ட செங்கல்லின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

உள்ளே போன பிறகு கட்சிக் கொடியும் நடிகர் படமும் சாமி படமும் அங்கே ஏறக்கூடாது. சாவி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. நிர்வாகக் கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அது ஆம்பிளைகளின் சீட்டாட்ட மடமாகிவிடும். மாலை நேரத்தில் ஒரு பகுதியைப் பெண்களின் பறைக்கும் நாடகத்திற்கும் குத்துச்சண்டைக்கும் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். வரவு செலவுக் கணக்கை மாதா மாதம் வெளிக் கதவிலேயே ஒட்ட வேண்டும், தெருவில் போகிறவனும் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.