கள்ளக்குறிச்சி@2019

"பாஸ்வேர்டெல்லாம் ஸ்ட்ராங்காத்தான் சார் வெச்சிருக்கோம்!"

அரசு அலுவலகமோ, ஆஸ்பத்திரியோ, கல்லூரியோ... கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பானவரிடம் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். "சரி, சோதிச்சுப் பார்த்தீங்களா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டுப் பாருங்கள். வீட்டு பீரோ சாவியைக் கேட்டதுபோல முறைப்பார்கள்.

தலைப்பில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பதினேழு எழுத்து வரும். முதல் எழுத்து கேப்பிடல், நடுவில் ஒரு குறியீடு, கடைசியில் எண்கள். 'மிக வலுவானது' என்று பச்சை விளக்கு காட்டாத இணையதளமே இருக்காது. ஆனால், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019 நவம்பரில் என்பது ஊரறிந்த சங்கதி. ஊருக்கே தெரிந்த பேர், ஊருக்கே தெரிந்த வருஷம். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? அங்கே யாரோ இப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அங்கே உளவாளிகள் கிடையாது. உங்கள் ஊர்ப் பெயரையும் குழந்தை பிறந்த வருஷத்தையும் ஒட்டிப் பாருங்கள். உங்களுக்கே சிரிப்பு வரலாம்.

ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்கள் இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஐந்து விதமான ஸ்பெல்லிங், பத்து விதமான குறியீடு, கடைசியில் நான்கு இலக்கத்தில் ஏதாவது ஓர் எண். பெருக்கினால் ஆயிரம் கோடி. மலைப்பாக இருக்கிறதா? பையன்கள் கேம்ஸ் ஆட வாங்குகிறார்களே கிராஃபிக்ஸ் கார்டு, அது நான் இங்கே பேசப்போகிற வகைப் பாஸ்வேர்டுகளை விநாடிக்கு நூறு கோடி வீதம் சாதாரணமாகச் சோதிக்கும். கள்ளக்குறிச்சியும் கச்சிராயபாளையமும் கோமுகியும் வெள்ளிமலையும் பத்து விநாடியில் முடிந்துவிடும்.

இது மெயில் பாஸ்வேர்டு பற்றிய புலம்பல் இல்லை. இதைவிடப் பெரிய சாவி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு சர்வர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடைமழை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் உறைந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் சென்னையில். கள்ளக்குறிச்சி வந்து, கச்சிராயபாளையம் தாண்டி, கரியாலூர் வழியாக மலையேறிப் போய் பட்டனை அமுக்க முடியுமா? அதற்காகவே சர்வர்களின் மதர்போர்டில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைத் தனியாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். பி.எம்.சி. என்பார்கள். டெல் கம்பெனி அதை ஐடிராக் என்கிறது, ஹெச்.பி. ஐஎல்ஓ என்கிறது. சர்வரை நீங்கள் அணைத்தாலும் பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை இது விழித்திருக்கும். தொலைவிலிருந்தே சர்வரை ஏற்றலாம், அணைக்கலாம், திரையைப் பார்க்கலாம், டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக விண்டோஸோ லினக்ஸோ போடலாம். நல்ல ஏற்பாடு. மலைமேல் இருக்கிறவர்களுக்கு வரம் என்றே சொல்வேன்.

இந்த வரத்துக்குக் காவல், ஒரே ஒரு பாஸ்வேர்டு.

அது என்ன என்று கம்பெனிக்காரர்களே கையேட்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். டெல் என்றால் பல வருஷங்களாக 'ரூட்', 'கால்வின்'. சூப்பர்மைக்ரோ என்றால் 'அட்மின்', 'அட்மின்'. புதிய மாடல்களில் பெட்டிக்குப் பெட்டி தனிப் பாஸ்வேர்டு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மனசு மாறி அல்ல, கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டமே அப்படி என்பது ஒரு முக்கியக் காரணம். பழைய பெட்டிகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் ஒரு சர்வரைச் சாகும்வரை விட மாட்டோம் என்பது உங்களுக்கே தெரியும்.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் பேசும் ஐ.பி.எம்.ஐ. என்கிற பொதுமொழியின் இரண்டாம் பதிப்பு 2004-ல் வந்தது. அதன் விதிப்படி, யாரோ ஒருவர் வந்து "நான்தான் அட்மின்" என்று சொன்னால் போதும். அப்படி ஒரு பெயர் பதிவில் இருந்தால், அவர் பாஸ்வேர்டைச் சொல்வதற்கு முன்பே, அதை வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரையை சர்வரே அனுப்பிவிடும். 'ஹாஷ்' என்பார்கள். கதவு திறக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் வாட்ச்மேனே சாவியை மெழுகில் அழுத்தி அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். வந்தவன் வீட்டுக்குப் போய் சாவகாசமாக உட்கார்ந்து எந்தச் சாவி பொருந்துகிறது என்று கோடிக்கணக்கில் அரைத்துப் பார்க்கலாம். "மூன்று தடவை தவறினால் லாக் ஆகிவிடும்" என்கிற பாதுகாப்பெல்லாம் இங்கே செல்லாது. தட்டுவது உங்கள் கதவை இல்லையே!

இதை 2013-ல் உரக்கச் சொன்னவர் டான் ஃபார்மர் என்கிற அமெரிக்கர். இதற்கு இதுவரை உருப்படியான மருந்து இல்லை. ஏனென்றால் கோளாறு ஒரு கம்பெனியின் மென்பொருளில் இல்லை, விதியிலேயே இருக்கிறது. ஆகவே மிஞ்சுவது இரண்டே வழி. ஒன்று, இந்தப் பெட்டியை வெளியுலகம் எட்டாத தனி நெட்வொர்க்கில் வைப்பது. இரண்டு, அரைத்தாலும் அகப்படாத பாஸ்வேர்டு. எட்டு இலக்க எண் என்றால் 10 கோடி வாய்ப்பு. கண் சிமிட்டுவதற்குள் காலி. எட்டுச் சின்ன ஆங்கில எழுத்து என்றால் மூன்றரை நிமிஷம். அர்த்தமே இல்லாமல் குலுக்கிப்போட்ட பதினாறு எழுத்தும் எண்ணும் என்றால் ஒன்றரை லட்சம் கோடி வருஷம். மனிதன் யோசித்து வைப்பதற்கும் மெஷின் குலுக்கிப் போடுவதற்கும் வித்தியாசம் இவ்வளவு!

மனிதர்கள் என்ன வைக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2014 ஜூனில் சூப்பர்மைக்ரோ பெட்டிகளில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. உலகம் முழுக்க சுமார் 32,000 சர்வர்கள் தங்கள் பாஸ்வேர்டை அப்பட்டமாகக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் மூவாயிரத்துக்கும் மேல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றக்கூட இல்லை.

"யார் சார் கள்ளக்குறிச்சி சர்வரைத் தேடிக்கிட்டு வரப்போறான்?" என்பது அடுத்த சமாதானம். ஒருவரும் தேடி வர வேண்டியதில்லை. இன்டர்நெட்டின் பழைய முகவரிகள் நானூறு கோடிக்கு மேல். அத்தனையையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்க்கும் மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013-லேயே செய்துவிட்டார்கள். அதற்குச் சென்னையும் தெரியாது, சின்னசேலமும் தெரியாது. திறந்த கதவு மட்டும்தான் தெரியும். 2018-ல் 'ஜங்கிள்செக்' என்ற கும்பல், பணம் பறிக்கும் மென்பொருளை இந்த வழியாகவே சர்வர்களில் இறக்கியது.

"அது உள் நெட்வொர்க்லதானே சார் இருக்கு!" சரி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பரில் சர்வர்கள் முடங்கி, ஓ.பி. சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை பல நாள் பேனாவால் எழுதினார்களே... நெட்வொர்க்கைச் சரியாகத் தடுத்துப் பிரிக்காததே காரணம் என்று மத்திய அமைச்சரே பார்லிமென்டில் சொன்னார். உள்ளே ஒருவன் வந்துவிட்டால் எல்லா அறையும் அவனுக்கு உள் அறைதான்.

பாஸ்வேர்டால் பட்ட அடிகளும் நமக்குப் புதிதில்லை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் ஆசாமிகள் புகுந்தார்கள். அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு பறிபோனதாகக் காவல்துறையே விளக்கம் தந்தது. 2025-ல் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை கேமராவில் பதிவான பெண்களின் காட்சிகள் விற்பனைக்கு வந்தன. பாஸ்வேர்டு, 'அட்மின்123' என்று செய்தி. எழுதவே கூசுகிறது.

மலைமேல் இருக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பத்துக்கு சாதிச் சான்றிதழ்தான் பிள்ளையின் காலேஜ் சீட், ஸ்காலர்ஷிப், வேலை எல்லாம். அதை இப்போது ஆன்லைனில் வாங்கு என்கிறோம். பட்டாவும் ஆன்லைன், ரேஷனும் ஆன்லைன். எந்த ஊரில் எந்தப் பெட்டியில் தன் பெயர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பெட்டியின் பின்வாசலைப் பூட்டியாயிற்றா என்று பார்ப்பது சம்பளம் வாங்குகிறவர்கள் வேலை.

பார்ப்பது எப்படி? திருடன் செய்வதையே நாமும் செய்ய வேண்டும். நம் சர்வர்களின் முத்திரைகளை நாமே எடுத்து, நம் ஊர்ப் பெயர், சாமி பெயர், நடிகர் பெயர், பதவிப் பெயர் எல்லாம் போட்ட பட்டியலால் நாமே அரைத்துப் பார்க்க வேண்டும். விழுந்ததை அன்றைக்கே மாற்ற வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அரைக்க வேண்டும். கருவிகள் இலவசம். ஒரு வாரக் கடைசியில் ஒரு மாவட்டத்துக்கே முடித்துவிடலாம். அரசு இணையதளம் என்றால் பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழ் கேட்கிறோம். பலகையைப் பெயின்ட் அடித்துப் பரிசோதித்துவிட்டுக் கொல்லைக் கதவை மறந்த கதைதான் அது, அந்தத் தணிக்கை இந்தப் பெட்டியைத் தொடாதவரை.

ஆனால் யார் செய்வது? ஆர்வக் கோளாறில் ஒரு இளம் இன்ஜினியர் தானாக இறங்கினால் வம்பு. அனுமதியின்றி நுழைந்தால், அது தீய நோக்கமுள்ளது என்று வழக்கு போட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ம் பிரிவில் மூன்று வருஷம்வரை ஜெயில், ஐந்து லட்சம்வரை அபராதம். அமெரிக்காவில் ராண்டல் ஷ்வார்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இன்டெல் கம்பெனியில் பாஸ்வேர்டுகளை இப்படிச் சோதித்தார். பலவீனத்தைக் காட்டத்தான் செய்தேன் என்றார். 1995-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. பதிவிலிருந்து அது நீக்கப்பட்டது 2007-ல்! கம்பெனியின் அனுமதி இல்லாமல் செய்தது தப்புதான். ஆனால் அந்தப் பாஸ்வேர்டுகளை வைத்தவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

ஆகவே அனுமதியை மேலே இருந்து எழுத்தில் கொடுங்கள். கலெக்டரோ, துறைச் செயலாளரோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்: இன்னின்ன சர்வர்கள், இன்ன தேதி, இன்னார் சோதிப்பார், முடிவு இன்னாரிடம் மட்டும் போகும். எத்தனை ஜி.பி. மெமரி, எத்தனை வருஷ வாரன்ட்டி என்று டெண்டரில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கட்டும்: மேலாண்மைப் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றி, சோதித்துக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணைப் பணம். சப்ளையர் ஓடோடி வந்து மாற்றுவார்.