ஏடும் ஒட்டும்

சான்றிதழை நெகிழித்தாள்களுக்கிடையே வைத்து வெப்பத்தால் அழுத்தித் தருவதை நகலகங்கள் 'லேமினேஷன்' என்றே குறிக்கின்றன. இச்சொல்லின் வேர் 'லாமினா' என்னும் இலத்தீன் சொல். மெல்லிய தகடு என்பது அதன் பொருள். 'ஆம்லெட்' என்னும் உணவுப்பெயரும் தகட்டின் தட்டையான வடிவம் கருதி இவ்வேரிலிருந்தே திரிந்து வந்தது என்பர்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், உலோகத்தை அடித்துத் தகடாக்குதலையே இவ்வினைச்சொல் உணர்த்தியது. பின்னர் ஏடேடாகப் பிரித்தல், ஏடுகளை ஒன்றாகப் பிணைத்தல் என்னும் முரண்பட்ட இரு பொருள்களும் அதன்மேல் ஏறின. இம்முரணைப் பொருள்களின் வரலாற்றிலும் காணலாம். காக்கைப்பொன் எனப்படும் மைக்கா, இயற்கையிலேயே ஏடேடாகப் பிரியும் கனிமம். மின்காப்புக்குப் பெரிதும் பயன்பட்டது. 1912ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பொறியாளர்களான ஹெர்பர்ட் ஃபேபரும் டேனியல் ஓகானரும் பிசின் ஊட்டிய துணியைப் பல சுற்றாக இறுக்கி, அதற்கு மாற்றினைப் படைத்தனர். 'மைக்காவுக்குப் பதில்' என்னும் பொருள்பட அது 'ஃபார்மைக்கா' எனப் பெயர் பெற்றது. பிரிவதன் இடத்தைப் பிரியாதது பிடித்துக்கொண்டது. ஆனால், மேசைமேல் ஒட்டும் அவ்வகைத் தகட்டைத் தமிழகத் தச்சர்கள் இன்றும் 'மைக்கா' என்றே அழைக்கின்றனர்! எதனை விலக்க வந்ததோ, அதன் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

தமிழில் இதனை 'அடுக்கு' என்று பெயர்த்தால் போதாது. அடுக்கிய பானையைத் தனியே எடுத்துவிடலாம். 'ஏடு' மென்மையைக் காட்டும் அழகிய சொல். பாலின்மேல் படர்வதும் ஏடு, எழுத்தாணி கீறிய ஓலையும் ஏடு. ஆயினும், சுவடியின் ஏடுகள் கயிற்றில் கோக்கப்பட்டவை. ஒவ்வொன்றாகப் புரட்டத் தக்கவை. பிணைப்பை உணர்த்த இன்னொரு சொல் வேண்டும். ஒட்டுமாங்கன்றிலும் ஒட்டுப்பலகையிலும் வழங்கும் 'ஒட்டு' அதற்குப் பொருந்தும். 'ஒட்டேடு' என்னும் ஆக்கம் மென்மை, பிணைப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே சொல்லும்.

வேற்றுச்சொல் ஒலிக்கும்போது 'பாதுகாப்பு' என்பது மட்டுமே மாணவர் மனத்தில் எழுகிறது. 'ஒட்டேடு' என்ற சொல்லோ, ஒட்டியதைப் பின்னர்ப் பிரிக்க முடியுமா என்ற வினாவையும் எழுப்பும். நெகிழிக்குள் சென்ற மூலச்சான்றிதழைச் சேதமின்றி வெளியே எடுத்தல் அரிது. அதன் பின்புறத்தில் அலுவலர் குறிப்பெழுதவோ முத்திரையிடவோ தாள் கிடைக்காது.