பிரசவத்துக்குத் தெரிந்த முகம் வேண்டும்; ஆளும் வேண்டும்!

கர்ப்பிணிப் பெண் சோதனைக்குப் போகிறாள். இந்த மாதம் ஒரு நர்சு. அடுத்த மாதம் வேறு ஒருவர். வலி எடுத்து ஓடும்போது பிரசவ வார்டில் நிற்பவரோ புது முகம்!

"எத்தனாவது பிரசவம்? சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா?" என்று மறுபடியும் முதலில் இருந்து கேள்வி. வலியில் துடிப்பவள் என்ன பதில் சொல்வாள்?

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளிலும் இதே குறைதான். அதற்கு அங்கே சொன்ன மருந்து, "ஒரு தாய்க்கு ஒரு மருத்துவச்சி" என்ற முறை.

மருத்துவச்சி என்றதும் பழைய காலத்துப் பாட்டியை நினைக்க வேண்டாம். அங்கே அவர் படித்துப் பட்டம் வாங்கி, பதிவு பெற்றவர். சிக்கல் இல்லாத பிரசவத்தை அவரே பார்ப்பார். சிக்கல் என்றால் டாக்டரைக் கூப்பிடுவார்.

வார்டுக்கு அல்ல, தாய்க்கு!

இந்த முறையில் முழுநேர மருத்துவச்சி ஒருவருக்கு வருஷத்துக்குச் சுமார் 36 தாய்மார்கள். மாதச் சோதனை, பிரசவம், குழந்தை பிறந்த பிறகு பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு லீவு என்றால், சின்னக் குழுவில் உள்ள இன்னொருவர் வருவார்.

இத்தனை படுக்கைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு போய், இந்தத் தாய்க்கு இவர் என்ற கணக்கு வருகிறது. ஆனால், மணி அடித்ததும் டூட்டி முடிந்தது என்று கிளம்ப முடியாது. நடுராத்திரி போன் வந்தாலும் ஓட வேண்டும்.

பலன் உண்டா? உண்டு.

ஆஸ்திரேலியாவில் 2 ஆஸ்பத்திரிகளில் 1,748 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. சிசேரியன் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பாதுகாப்பில் குறைவில்லை. செலவில் ஒரு பெண்ணுக்குச் சுமார் 567 ஆஸ்திரேலிய டாலர் மிச்சம்!

மருத்துவச்சிகளே தொடர்ந்து கவனிக்கும் முறைகள் பற்றி 17 ஆய்வுகளை, 18,533 பெண்களின் விவரத்தை, 2024-ல் சேர்த்துப் பார்த்தார்கள். சுகப்பிரசவம் கூடுகிறது, ஆயுதப் பிரசவமும் சிசேரியனும் கொஞ்சம் குறைகின்றன என்று தெரிந்தது.

உத்தரவு வந்தது, ஆள் வரவில்லை

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் வரவில்லை?

2016-ல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் அமைந்த குழு, இங்கிலாந்து முழுவதும் இந்த வழிக்கு மாற வேண்டும் என்றது. 2021 மார்ச்சுக்குள் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

கெடு வைத்தவர்கள் ஆள் கணக்கைச் சரி பார்க்கவில்லை. டிரைவர் இல்லாமல் புது பஸ் ரூட் விட்ட கதைதான்! வார்டில் இருப்பவரை எடுத்துப் புதுக் குழுவில் போட்டால் வார்டு காலி. வார்டில் நெருக்கடி என்றால் குழுவில் இருப்பவரையே திரும்ப இழுக்க வேண்டும். இதில் தூக்கம் கெடுவது யாருக்கு?

2022 மார்ச்சில் டோனா ஆக்கெண்டன் அறிக்கை வந்தது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் ஆஸ்பத்திரிகளில் தாய்களும் சிசுக்களும் இறந்ததை விசாரித்த அறிக்கை அது. எல்லா ஷிப்டிலும் போதிய ஆள் இருப்பதாகக் காட்ட முடியாத இடங்களில் இந்த முறையை நிறுத்தி வைக்கச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் கெடுவையும் கைவிட்டார்கள்.

முறை தப்பா? இல்லை. அவசரம்தான் தப்பு.

முதலில் ஆள் எடுக்க வேண்டும். வார்டுக்கு உள்ள ஆளைக் குறைக்கக் கூடாது. விருப்பப்பட்டு வருபவர்களை வைத்து ஒரு குழு தொடங்கி, பலன் பார்த்து அடுத்த குழு போட வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் மருத்துவச்சியை நடுராத்திரி ஓடி வா என்று கட்டாயப்படுத்தினால், அவர் வேலையையே விட்டுவிடுவார். ராத்திரி வேலைக்குத் தனிச் சம்பளமும், தொடக் கூடாத லீவு நாளும் வேண்டும்.

இந்தியாவும் மருத்துவச்சி சேவைக்கு 2018-ல் வழிமுறை வெளியிட்டது. நர்சுகளுக்கு 18 மாதப் பயிற்சி என்றது. ஒரு தாய்க்கு ஒருவர் என்ற முறை அல்ல அது. ஆனாலும் இங்கிலாந்து பட்ட பாடு இங்கேயும் பாடம்தான்.

தாய்க்குத் தெரிந்த முகம் வேண்டும். அது தூங்காமல் வாடிய முகமாக இருக்கக் கூடாது!