மறுநாளே மூட்டை தூக்க வைக்கும் ஊசியா?

"முதுகில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கலாம்" என்கிறார் நண்பர். தவறான நம்பிக்கை இது.

முதுகெலும்பு வட்டு பிதுங்கி, புதிதாகக் காலுக்கு இறங்கிய வலியை இந்த ஊசி சில வாரம் தணிக்கலாம், அதை மறுக்கவில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு? வேண்டாம் என்றே அழுத்திச் சொல்கிறது, 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி. தண்டுவட உறையை ஒட்டிப் போடும் இந்த ஊசியால் அரிதாகப் பார்வையிழப்பும் பக்கவாதமும் வரலாம் என 2014-லேயே எச்சரித்தது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை வேறு எகிறும்.

வலி மரத்த முதுகில் மறுபடி அரிசி மூட்டையை ஏற்றுவது எந்த ஊர் வைத்தியம்? நீடித்த இடுப்பு வலிக்கு 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவற்றில் உடற்பயிற்சியும் நோயாளிக்கான விளக்கமும் உண்டு. சுமைதூக்குபவருக்கு அவற்றைக் கொடுங்கள். கூடவே சம்பளத்தோடு ஓய்வும், ஒரு தள்ளுவண்டியும்.