வளர்ற பிள்ளைக்கு எந்தப் பலகை?

"வளர்ற பிள்ளை, ஒரு பிடி பெரிசாவே தைங்க."

தீபாவளிக்கு முன்னால் தையல்காரரிடம் இதைச் சொல்லாத தகப்பன் நம் ஊரில் உண்டா? நானும் சொன்னவன்தான். குமாஸ்தா சம்பளத்தில் வருஷத்துக்கு இரண்டு சட்டை. அது அடுத்த வருஷமும் உதவ வேண்டும். சட்டை விஷயத்தில் இந்தக் கணக்கு சரி. ஆனால் சக்கரம் வைத்த எதிலும் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. இதை ஒரு தடவை புதுச்சேரியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருஷம் பிரான்சில் பேரனுக்கு ஒரு சாமான் வாங்கப் போன இடத்தில் அதை மறந்தே போனேன்.

நம் ஊரில் பல குடும்பங்களைப் போல எங்களுக்கும் அங்கே ஒரு கிளை உண்டு. என் மகள் வட பிரான்சில், பெர்க்-சூர்-மேர் என்ற கடற்கரை ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அது ஆஸ்பத்திரிகளுக்குப் பேர்போன ஊர். எலும்பில் காசநோய் கண்ட பிள்ளைகளைக் கடல் காற்றுக்காக அனுப்பிவைத்த காலத்தில், 1869-இல், யூஜெனி மகாராணி வந்து அங்கே பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். இன்றைக்கும் விபத்தில் அடிபட்டவர்களை எழுப்பி நடக்கவைக்கும் வேலை அந்த ஊரில் நடக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

அந்தக் கடற்கரையைப் பார்த்தால் நமக்குப் பொறாமையாக இருக்கும். நம் ஊர்க் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அங்கே பெரிய வற்றின்போது கடல்மட்டம் எட்டு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. காலையில் சுவரை இடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மத்தியானம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. நடுவே சிமெண்ட் தரை போல இறுகிய ஈர மணல், மைல் கணக்கில். கூடவே ஓயாத மேல்காற்று. மணலும் காற்றும் இப்படிச் சேர்ந்தால் மனுஷன் சும்மா இருப்பானா? ஆங்கிலக் கால்வாயை 1909-இல் விமானத்தில் தாண்டிய ப்ளேரியோ, 1911-இல் இந்தக் கடற்கரைப் பக்கம்தான் சக்கரமும் பாயும் வைத்த மணல்வண்டியை ஓட்டிப் பார்த்தார். 1987 முதல் அங்கே சர்வதேசப் பட்டத் திருவிழாவும் நடக்கிறது.

பட்டத்துக்கு பிரெஞ்சில் "செர்-வொலான்" என்று பெயர். வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் "பறக்கும் மான்". பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் படித்தபோது, நம் தெருவில் நூல் அறுந்து போகிற காகிதத்துக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். பெர்க்கில் அதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. அங்கே ஒரு பட்டம் ஆளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

இதுவும் புதுசு இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரின் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் என்பவர், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826-இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துச் சுங்கச்சாவடியில் குதிரையை எண்ணித்தான் வரி. இவர் வண்டியில் குதிரை இல்லாததால் வரி கேட்க வழியில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். முப்பத்தைந்து வருஷம் விதிமுறைப் புத்தகத்தோடு குப்பை கொட்டியவன் நான். அந்தச் சாவடிக் குமாஸ்தாவின் தவிப்பு எனக்குப் புரிகிறது.

இப்போது வண்டிக்குப் பதில் பலகை. லேண்ட்போர்டு என்கிறார்கள். ஸ்கேட்போர்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு முன்னே பின்னே நீளம், நாலு மூலையில் காற்றடித்த டயர், மேலே பாதத்தை நுழைக்க இரண்டு வார். இடுப்பில் ஒரு பட்டை. அதில் கொக்கி போட்டுப் பட்டத்தின் பிடிக்கட்டை. காற்று இழுக்க, பலகை ஓடுகிறது.

என் பேரனுக்குப் பதினைந்து வயது, ஐம்பத்திரண்டு கிலோ. "தாத்தா, பிறந்தநாளுக்கு லேண்ட்போர்டு" என்றான். நானும் பென்ஷன் பணம் இருக்கிற தைரியத்தில் சரி என்றேன். கடையில் இரண்டு பலகையைக் காட்டினார்கள். ஒன்று சாதாரணம், 250 யூரோ. இன்னொன்று நீளமானது, விறைப்பானது, பெரிய ஆட்கள் ஓட்டுவது. விலை மூன்று பங்கு. அதற்குப் பொருத்தமாக ஒன்பது சதுர மீட்டர் பட்டம் ஒன்றும் எடுத்து வைத்தார்கள். நான் மனசுக்குள் எல்லாவற்றையும் தொண்ணூறால் பெருக்கிப் பார்த்துத் திகைத்தேன். ஆனாலும் வாயில் வந்தது அந்தப் பழைய வாக்கியம்தான்: "வளர்ற பிள்ளை. பெரிசாவே வாங்கிடலாம். ரெண்டு தடவை ஏன் செலவு?" மாப்பிள்ளையும், "ஆமா மாமா, அடுத்த வருஷம் என் உயரம் வந்துடுவான்" என்றார். மறுநாள் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

ராத்திரி சாப்பாட்டில் மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் வலது கையை மேசைமேல் நீட்டினாள். அந்தக் கை முழுசாக நீளாது. முழங்கையில் ஒரு சின்ன வளைவு நிற்கும்.

"அப்பா, அந்த சைக்கிள் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

மறக்குமா? 1987. அவளுக்குப் பத்து வயது. பண்டிகை முன்பணம் வாங்கி அவளுக்கு சைக்கிள் எடுத்தேன். வாடகைக் கடையில் அரை சைக்கிள் எடுத்து நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை. நான்தான், "காலேஜ் போற வரைக்கும் ஓட்டலாம்" என்று முழு சைக்கிளாக வாங்கினேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. மூன்றாம் நாள் தெருமுனையில் மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நிறுத்தப் பார்த்திருக்கிறாள். ஊன்றக் கால் எட்டவில்லை. கையை ஊன்றிவிட்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஓட்டத் தெரியாமல் விழவில்லை. நிறுத்த முடியாமல் விழுந்தாள். சைக்கிள் நல்ல சைக்கிள்தான். அவளுக்கு நாலு வருஷம் கழித்துச் சரியாக இருந்திருக்கும். அவள் விழுந்தது அன்றைக்கு.

"நான் தினமும் வார்டுல பார்க்கிறேன்பா. சின்னதா இருந்து அடிபட்டவங்க யாருமில்லை" என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் குமாஸ்தா புத்தியோடு உட்கார்ந்து விசாரித்தேன். அந்த மணலில் ஓட்டுகிறவர்களையே கேட்டேன். நான் வந்து சேர்ந்த முடிவு இது: முதல் பலகையை, பிள்ளை நாளைக்கு என்ன செய்வான் என்று பார்த்து வாங்கக்கூடாது. இன்றைக்கு விழுந்தால் எப்படி எழுந்திருப்பான் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான பலகை வேகத்தில் ஆடாமல் ஓடும் என்பது உண்மை. ஆனால் எடை குறைந்த பிள்ளைக்கு விறைத்த பலகை வளைந்து கொடுக்காது. சாய்ந்தால் திரும்பாது. கால்களும் அகலமாகப் பிரிந்து நிற்கும். அவனுக்குத் தொண்ணூறு சொச்சம் சென்டிமீட்டரில், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் மரப்பலகை போதும். அச்சுக்கு மேலுள்ள ரப்பரோ ஸ்பிரிங்கோ இறுக்கித் தளர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.பி.எஸ்., இங்கிலாந்தின் டிராம்பா என்று தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பெயரைவிட, உதிரிபாகம் கிடைக்குமா என்பதே முக்கியம்.

டயர். பெர்க் போன்ற இறுகிய ஈர மணலுக்கு எட்டு அங்குலமோ ஒன்பது அங்குலமோ போதும். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் பட்டையாகிப் புதையாமல் ஓடும். மணல்மேட்டுப் பக்கம் உள்ள பொலபொல மணலுக்குத்தான் பத்து, பன்னிரண்டு அங்குலம் வேண்டும். ஆனால் அதில் ஆள் நிற்கும் உயரமும் பலகையின் எடையும் கூடிவிடும். பழகுகிறவனுக்கு அது வேண்டாம்.

வார். நின்றால் குதிகால் தூக்கக்கூடாது. விழுந்தால் பாதம் தானாக வெளியே வர வேண்டும். இரண்டையும் கடையிலேயே, அவன் போடப்போகிற காலணியோடு பார்த்துவிடலாம். எகிறிக் குதிக்கிறவர்களுக்கான இறுக்குக் கொக்கி வைத்த வார் இப்போது தேவையில்லை. கைப்பிரேக்கும் தேவையில்லை. அது மலைச்சரிவில் இறங்குகிறவர்களுக்கு. பட்டத்தோடு ஓடுகிறவன் காற்றை எதிர்த்துத் திரும்பித்தான் நிற்க வேண்டும்.

துருவைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜன்னல் கம்பியைச் சுரண்டும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பால்பேரிங் மூடியிட்டதாக இருக்க வேண்டும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். அதைப் பேரனே செய்ய வேண்டும்; அம்மா செய்யக்கூடாது.

கடைசியாகப் பட்டம். பலகையைவிட ஆபத்தானது அதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நாலு மடங்காகும். பெரிய பட்டத்தில் ஐம்பத்திரண்டு கிலோப் பிள்ளை கொக்கியில் தொங்கும் துணிதான். முதலில் இரண்டு மூன்று சதுர மீட்டர் பழகு பட்டம், பலகை இல்லாமல், ஒரு பயிற்சியாளரோடு. அவசரத்தில் பட்டத்தைக் கழற்றிவிடும் விசையை, கண்ணை மூடிக்கொண்டும் தொடத் தெரியும்வரை பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் பலகை.

ஆகவே நாங்கள் செய்தது இது. பலகை பழையது வாங்கினோம். விரிசல் இருக்கிறதா, அச்சு வளைந்திருக்கிறதா, சக்கரம் ஆடுகிறதா என்று மாப்பிள்ளை தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகள் எல்லாம் புதுசு. மீந்த பணம் பயிற்சிக்கு. தலைக்கவசத்தை மட்டும் பழையது வாங்காதீர்கள். அது ஏற்கெனவே எந்த அடியை வாங்கியது என்று வெளியே தெரியாது.

"ரெண்டு வருஷத்தில் சின்னதாப் போயிடுமே, தண்டச் செலவு இல்லையா?" என்று நம் வயசுக்காரர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய பலகையை வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைத்து இன்னொரு பிள்ளைக்கு விற்றுவிடலாம். நஷ்டம் ஐம்பது அறுபது யூரோ இருக்கும். என் மகளின் மாவுக்கட்டுக்கு 1987-இல் நான் செலவழித்ததை அந்த சைக்கிளில் மிச்சம் பிடித்ததோடு வைத்துப் பார்த்துவிட்டேன். அது லாபக் கணக்கு இல்லை.

"அப்படியானால் வாங்கித் தராமலே இருக்கலாமே?" என்றும் கேட்கலாம். என் மனைவி அதைத்தான் போனில் கேட்டாள். அதற்கும் மகள்தான் பதில் சொன்னாள்: "அம்மா, கை கட்டு பிரிச்சதும் நான் மறுபடி சைக்கிள் கேட்டேன். அப்பா ரெண்டு வருஷம் வாங்கித் தரலை. வலிச்சது அதுதான்." இது எனக்கு முப்பத்தேழு வருஷம் தெரியாது. பயந்து பறித்துக்கொள்வதும் பெரிசாக வாங்கித் தருவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். இரண்டிலும் நாம் நம் கணக்கைப் பார்க்கிறோம், எதிரில் நிற்கும் பிள்ளையின் உயரத்தைப் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு வாரம் பையன் பலகையில் ஏறவே இல்லை. பழகு பட்டத்தோடு மணலில் நடந்துகொண்டிருந்தான். முகத்தில் கொஞ்சம் கோபம். கடற்கரைச் சுவரில் கோட்டும் மஃப்ளருமாக நான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம், வற்று நேரத்தில், பலகையில் ஏறினான். இருபது மீட்டர் ஓடியிருப்பான். பட்டம் கொஞ்சம் இழுத்ததும் பிடியை விட்டான், பாதம் வாரிலிருந்து கழன்றது, மணலில் உட்கார்ந்தான். உடனே எழுந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

பக்கத்தில் நின்ற மகள் தானும் கையைத் தூக்கி அசைத்தாள், முழுசாக நீளாத அந்தக் கையை.

உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ இதைப் போல எதையாவது கேட்டால், அது பலகையாக இருந்தாலும் சரி, சைக்கிளாக இருந்தாலும் சரி, கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதிலிருந்து இந்தப் பிள்ளை இறங்குவது எப்படி?" அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள். சட்டையை மட்டும் ஒரு பிடி பெரிசாகவே தையுங்கள்.