எருமையும் வேட்டியும்

அண்ணன் மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு கேமரா வாங்கிவிட்டான். புதிதல்ல, சீனியர் ஒருவரிடமிருந்து கைமாறியது. மறுநாளே வீட்டுக்கு வந்து, கேமராவின் தலையில் இருக்கும் சக்கரத்தை ‘எம்’மில் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான்: “சித்தப்பா, மேனுவல்ல எடுக்குறவன்தான் போட்டோகிராபராமே, நிஜமா?”

இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவனுடைய காதுகுத்துப் படத்தைக் கெடுத்தவனே நான்தான்.

குலதெய்வம் கோயில். மண்டபத்து இருட்டில் அம்மா விளக்கேற்றுவதை மேனுவலில் எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 1/60, லென்ஸின் வாய் முழுக்கத் திறந்து எஃப் 3.5. படம் அருமையாக வந்தது. அந்தப் பெருமையோடு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் தாய்மாமன் மடியில் பையனை உட்காரவைத்து ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். ஓடிப்போய் நாலு படம் தட்டினேன். உள்ளே வைத்த எண்கள் அப்படியே இருந்தன. மரத்தடிதான் என்றாலும் பட்டப்பகல். தேவையைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே போய், திரையில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. காது ஒருமுறைதான் குத்துவார்கள். அண்ணி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

எனவே அவனிடம் சொன்னேன்: “எம்ல எடுக்கலாம்டா. ஆனா எப்ப எடுக்கணும்னு தெரிஞ்சவன் எடுக்கணும்.”

வெளிச்சக் கணக்கில் மூன்று பங்காளிகள் உண்டு. லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர். வந்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது ஐ.எஸ்.ஓ. ஒருவர் ஒரு படி கூட எடுத்துக்கொண்டால் இன்னொருவர் ஒரு படி விட்டுக்கொடுக்க வேண்டும். ஷட்டர் 1/125-லிருந்து 1/250-க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். எஃப் 8-லிருந்து 5.6-க்கு வந்தால் இரட்டிப்பாகும். ஐ.எஸ்.ஓ. 200-ஐ 400 ஆக்கினாலும் இரட்டிப்புதான், ஆனால் நிழல் பகுதிகளில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எட்டிப்பார்க்கும்.

பிலிம் காலத்தில் இதை மனக்கணக்காகப் போட்டார்கள். நல்ல வெயிலில் எஃப் 16 வை, ஷட்டரை பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நிகராக வை. அதாவது 100 பிலிமுக்கு 1/100, கிட்டத்தட்ட 1/125. நமது வெயிலுக்கு இந்த வாய்ப்பாடு இன்றும் பொய்க்காது. 1976-ல் கேனான் ஏ.ஈ.-1 மைக்ரோபிராசஸரோடு வந்தது. ஷட்டரை நாம் சொன்னால் அப்பர்ச்சரை அது பார்த்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் வந்த ஏ-1 இரண்டையுமே தானே முடிவு செய்யும் ‘பி’யைக் கொண்டுவந்தது. இன்றைய சக்கரத்தில் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சொத்து.

இதில் அன்றாடத்துக்கு எது? என் ஓட்டு ‘ஏ’வுக்கு. கேனானில் அது ‘ஏவி’. (பக்கத்தில் ‘டிவி’ என்று இருப்பது தொலைக்காட்சி அல்ல, நேரத்தைக் குறிப்பது, மற்றவர்களின் ‘எஸ்’தான் அது.) அப்பர்ச்சரை நாம் சொல்கிறோம், ஷட்டரை கேமரா கணக்கிடுகிறது. ஒருவர் முகம் என்றால் எஃப் 2.8, பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் என்றால் 8. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, ஷட்டர் இதற்குக் கீழே இறங்காதே என்று ஓர் எல்லை போடலாம். இந்த வசதி இப்போது பல கேமராக்களில் உண்டு. பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு 1/125 போதும். ஓடும் பிள்ளைகளுக்கு 1/500 வேண்டும். மண்டபத்து இருட்டிலிருந்து வேப்பமரத்தடிக்கு ஓடினாலும் கணக்கு நம்மோடு ஓடி வரும்.

கல்யாண மண்டபத்தில் மட்டும் ‘எஸ்’ஸுக்குத் திருப்புவேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் பழைய டியூப்லைட்டுகளும் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரிவதில்லை, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். பட்டுப்புடவையில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்திருந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை மறைந்துவிடும்.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாமல் பலரும் விட்டுவிடும் ஒரு பொத்தான் உண்டு. கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும் சின்னப் பொத்தான்.

கேமராவின் ஒளிமானிக்கு வெளிச்சம் தெரியுமே தவிர பொருள் தெரியாது. எதைக் காட்டினாலும் மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்கிறது. வெள்ளை வேட்டியைக் காட்டுங்கள், “வெளிச்சம் அதிகம்” என்று குறைத்துவிடும். வெளுத்த வேட்டி அழுக்குத் துணியாகும். எருமையைக் காட்டுங்கள், “இருட்டாக இருக்கிறது” என்று கூட்டிவிடும். எருமைக்குச் சாம்பல் பூசியதுபோல் ஆகும். புத்திசாலிக் கேமராக்கள் இப்போது முகத்தைக் கண்டுபிடிக்கின்றன, காட்சியை ஊகிக்கின்றன. இருந்தாலும் அது ஊகம்தான். எதிரே இருப்பது வேட்டியா எருமையா என்று அறிந்தவர் கேமராவைப் பிடித்திருப்பவர் ஒருவரே. வேட்டிக்குக் கூட்டலில் ஒன்று, எருமைக்குக் கழித்தலில் ஒன்று. பாடம் இவ்வளவுதான்.

நம் முகங்களுக்கும் இது பொருந்தும். வெள்ளையடித்த சுவரோரம் கறுத்த தாத்தாவை நிறுத்தினால் சுவரைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும். தாத்தாவின் கண்கூடத் தெரியாது. கூட்ட வேண்டும். அதே தாத்தாவின் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் அவரை வெளுக்கப் பார்க்கும். அங்கே அரைப் படி குறைக்க வேண்டும். ஸ்டுடியோவில் பவுடர் பூசி உட்காரவைத்த காலம் போய், இப்போது போன்கள் கேட்காமலே பூசிவிடுகின்றன. அவர் நிறம் அவர் நிறமாக வர, அந்தப் பொத்தானால் கொஞ்சம் கழித்தல் பக்கம் தள்ளினால் போதும். போனிலும் வழி இருக்கிறது: முகத்தைத் தொட்டால் பெரும்பாலானவற்றில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும், மேலும் கீழும் இழுக்கலாம்.

முழு ஆட்டோவை விட்டு வெளியே வரச் சொல்வதும் இதற்காகத்தான். பல கேமராக்களில் ஆட்டோவில் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. ‘பி’யில் செய்யும். ‘ஏ’யும் ‘எஸ்’ஸும் மிரட்டினால் ‘பி’யிலிருந்தே தொடங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் ‘எம்’ எதற்கு? வெளிச்சம் மாறாமல் நிற்கும் இடத்துக்கு. ஒரே விளக்கு ஒரே மாதிரி எரியும் நாடக மேடை, பௌர்ணமி நிலா. நிலாவைச் சுற்றி இருக்கும் இருட்டைப் பார்த்துக் கேமரா ஏமாந்துபோய் அதை வெறும் வெள்ளை வட்டமாக்கிவிடும். நிலாவின் மேல் படுவதும் நம் வெயில்தான் என்று நினைத்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100, எஃப் 11 வைத்துப் பாருங்கள். கேமராவில் டெலிலென்ஸ் இருந்தால் அதன் கறைகள்கூடத் தெரியும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சக்கரத்தை ‘ஏ’வுக்குத் திருப்பினான். மாடிக்கு அனுப்பினேன். கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாத பாடம்: அதே வேட்டி, அதே இடம், மூன்று படம். ஒன்று பூஜ்யத்தில், ஒன்று கூட்டலில், ஒன்று கழித்தலில். மூன்றில் எது உங்கள் வேட்டி என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த பிறகு, ‘எம்’முக்குத் தாராளமாகப் போங்கள். காதுகுத்துக்குப் போகும்போது மட்டும் வேண்டாம்.